பழைய ஆம்னி வேனில் ஸ்டீரிங் ஆட்டம்: ரேக்கை மாற்றாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: கரிசல்காட்டான் (திருமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2006-இல் பதிவான மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி; அதன் 796 சி.சி. இன்ஜின் இன்றும் குறை சொல்ல முடியாதபடி ஓடுகிறது. தோட்டத்துக்குப் போகும் கரிசல் மண் பாதையிலும், மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலையிலும் இதைத்தான் ஓட்டுகிறோம்.

சில மாதங்களாக ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரிகிறது. நேராகப் போகும்போது வளையத்தைச் சற்றுத் திருப்பினாலும் வண்டி திசை மாறுவதில்லை. அந்த வெற்று இடத்தைத் தாண்டியதும் சட்டென்று ஒரு பக்கமாக இழுக்கிறது. கப்பலூரைத் தாண்டிய பிறகு ஒரு பேருந்து பக்கத்தில் முந்திச் சென்றால், வண்டியைத் தன் தடத்தில் பிடித்து வைப்பதற்கு ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடது பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசையும் வருகிறது.

ஒரு பட்டறையில் காட்டியபோது, ‘ரேக் (ஸ்டீரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வெட்டிய தண்டு) முழுவதும் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்’ என்றார்கள். இன்னொரு பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கினார்கள். ஆட்டம் உடனே குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து ஸ்டீரிங் கனமாகிவிட்டது. வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் முன்போல் தானாக நடுவுக்குத் திரும்புவதும் இல்லை. இப்போது கனமும் இருக்கிறது, ஆட்டமும் பழையபடி வந்துவிட்டது.

என்னிடம் ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஸ்பானர் செட், ஒரு சுத்தியல் ஆகியவை உள்ளன. பிரேக் லைனிங் மாற்றுவது, ஆயில் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்து பழக்கம் உண்டு. எந்தப் பாகத்தில் ஆட்டம் இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி, அதில் எவற்றை நானே மாற்றலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். 2021-இல் பதிவைப் புதுப்பித்தோம்; 2026-இல் மறுபடியும் எஃப்.சி.க்குக் (தகுதிச் சான்றுக்கு) காட்ட வேண்டும் என்பதும் மனத்தில் இருக்கிறது.

பதில்: பட்டறைவாசி (அவனியாபுரம்)

தம்பி, இரண்டாவது பட்டறையில் முறுக்கியது ரேக்கின் அடியில் இருக்கும் அட்ஜஸ்டிங் திருகாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதைத்தான் காட்டுகின்றன. வேறு எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் அந்தத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாத வண்டியை நான்குவழிச் சாலையில் ஓட்டுவது, ஆட்டமுள்ள வண்டியை ஓட்டுவதைவிட ஆபத்தானது.

காரணத்தைச் சொல்கிறேன். ஆம்னியில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங். ஸ்டீரிங் ராடின் கடைசியில் உள்ள சிறிய பல்சக்கரம், பற்கள் வெட்டிய நீளமான ஓர் இரும்புத் தண்டை இடமும் வலமுமாக நகர்த்துகிறது. அந்தத் தண்டின் இரு முனைகளிலிருந்தும் டை ராடுகள் புறப்பட்டுச் சக்கரங்களைத் திருப்புகின்றன. தண்டு பல்சக்கரத்தை விட்டு விலகாமல் இருக்க, அதன் முதுகுப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு கட்டை அழுத்திக்கொண்டிருக்கும். திருகு அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் இருக்கிறது. வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே ஓடுவதால் தண்டின் நடுப்பற்கள்தான் அதிகம் தேய்கின்றன. ஓரப் பற்கள் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். நடுவில் தெரியும் ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பும்போது ஓரப் பற்கள் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய ஜீப்புகளில் ஸ்டீரிங் பெட்டியின் மேல் ஒரு திருகும் பூட்டு நட்டும் இருக்கும். ஆட்டம் என்றவுடன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் பழக்கம் அங்கிருந்துதான் பட்டறைகளில் ஊன்றியது என்பது என் கருத்து. அங்கும் இதே நடுத்தேய்மானம் உண்டு, அங்கும் இதே தொல்லைதான். எய்தவன் இருக்க அம்பை நோகக்கூடாது. முதலில் எய்தவனைக் கண்டுபிடியுங்கள்.

அதற்கு ஓர் ஆளும் ஒரு டார்ச் லைட்டும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஜாக்கி போட வேண்டாம். நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க வேண்டும், ஏனென்றால் தரையின் பிடிமானம் இருந்தால்தான் தளர்ந்த பாகம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, சக்கரம் திரும்பத் தொடங்கும் அளவுக்கு மட்டும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே குனிந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் விரல்களால் பொத்திப் பிடித்துப் பாருங்கள். ஸ்டீரிங் ராடின் யூ ஜாயின்ட் (கோணத்தில் வளைந்துகொடுக்கும் இணைப்பு), அதை இறுக்கும் கிளாம்ப் போல்ட், ரேக்கைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகளும் அவற்றின் ரப்பர்களும், ரப்பர் பூட்டுக்குள் (boot, மடிப்புள்ள ரப்பர் உறை) இருக்கும் உள்பக்க பால் ஜாயின்ட் (குமிழ் இணைப்பு), கடைசியில் சக்கரத்தருகே உள்ள டை ராட் எண்ட் என்று வரிசையாக வாருங்கள். ஓர் இணைப்பின் ஒரு பக்கம் நகர்ந்து, மறுபக்கம் ஒரு கணம் தாமதித்து நகர்ந்தால் ஆட்டம் அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டரும் விரலுக்குத் தெரியும்; பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் உள்ளே ‘கிளிக்’ என்று ஒரு சிறிய தட்டல் உள்ளங்கையில் படும்.

ரேக்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை அலட்சியம் செய்துவிடாதீர்கள். அவை தளர்ந்தால் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகரும். பார்ப்பவருக்கு ரேக்கே போய்விட்டதுபோல் தோன்றும். இரண்டு போல்ட்டுகளை முறுக்குவதோடு முடியக்கூடிய வேலைக்குப் புது ரேக் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் ஜாக்கிக்கு வாருங்கள். கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கரிசல் தரையில் ஜாக்கி இறங்கிவிடும். அடியில் ஒரு கனமான பலகை அவசியம். சக்கரத்தை இடது, வலது ஓரங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராட் அல்லது ரேக் சார்ந்த ஆட்டம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிவது வீல் பேரிங் அல்லது கீழ் ஆர்மில் உள்ள பால் ஜாயின்ட். இந்த இரண்டில் எது என்று பிரிக்க, உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட்.

திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக ஒரு வழி உண்டு. பூட்டு நட்டைத் தளர்த்துவதற்கு முன் திருகின் மரைகளைத் துணியால் துடைக்காமல் அப்படியே பாருங்கள். பல ஆண்டுகள் வெளியில் நீட்டிக்கொண்டிருந்த மரைகள் அழுக்கேறிக் கறுத்திருக்கும். அண்மையில் உள்ளே போனவையோ நட்டைத் தளர்த்தித் திருகை வெளியே எடுக்கும்போது விளிம்பில் உரசிய தடத்தோடு வரும். அந்தத் தடம் முடியும் இடத்தில் நிறுத்தி நட்டைப் பூட்டிவிடுங்கள். பிறகு ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலும் பிடிக்கக்கூடாது.

பதில்: வாய்க்கால் கரை (மேலூர்)

பட்டறைவாசி ஐயா சொன்ன சோதனைகள் சரியானவை. ஆனால் கேள்வி கேட்டவர் சொல்வதில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாமல் இருப்பது ஒன்று. ஸ்டீரிங்கைத் திருப்பாமலேயே வண்டி அலைவது இன்னொன்று. முதலாவதை மட்டும் தேடினால், டை ராட் எல்லாம் மாற்றிய பிறகும் பேருந்து முந்தும்போது வண்டி அலைந்துகொண்டேதான் இருக்கும்.

அலைவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் டயர்தான். காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் வளைந்துகொடுத்து, ஸ்டீரிங் தளர்ந்ததுபோன்ற உணர்வைத் தரும். நான்கு டயர்களிலும் குளிர்ந்த நிலையில் காற்றைப் பார்த்து, வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவில் நிரப்பிவிட்டு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையை விட்டுவிட்டு உதிரிபாகக் கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து, பின்பக்கத்தையும் பாருங்கள். ஆம்னிக்குப் பின்னால் இருப்பவை ஸ்பிரிங் பட்டைகள். அவற்றின் கண்களில் உள்ள புஷ்ஷுகள் நைந்துபோனாலோ, பட்டைகளை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்தாலோ, பின் ஆக்ஸில் சற்று முன்னும் பின்னும் நகர்ந்து வண்டியைப் பின்னாலிருந்து திருப்பும். ஓட்டுகிறவருக்கு அது முன்பக்கக் கோளாறாகவே தெரியும். சுமை ஏற்றியிருக்கும்போது அலைச்சல் அதிகமானால் பின்பக்கத்தையும் சந்தேகிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 1,840 மி.மீ. மட்டுமே, உயரமோ பெட்டிபோல நிமிர்ந்தது. புதிதாக இருந்தபோதும் பக்கக் காற்றுக்கு அசைந்துகொடுத்த வண்டிதான். எல்லாம் சரிசெய்த பிறகும் கொஞ்சம் அசைவு மிச்சமிருக்கும். அதையும் நீக்கப் பார்த்து மறுபடியும் அந்தத் திருகில் கை வைத்துவிடாதீர்கள்.

பதில்: கரிசல்காட்டான்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். என் தங்கை ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

டயர்களில் இடது முன் டயரில் காற்று கணிசமாகக் குறைந்திருந்தது. அதை நிரப்பியதும் ஒரு பக்கம் இழுப்பது பாதி குறைந்துவிட்டது. பின்பக்கப் புஷ்ஷுகளும் யூ போல்ட்டுகளும் நன்றாகவே இருக்கின்றன. யூ ஜாயின்டிலும் ரேக் போல்ட்டுகளிலும் ஆட்டம் இல்லை.

ஆட்டம் இருந்தது இடது பக்க டை ராட் எண்டில். ஐயா சொன்ன அந்தத் தட்டல் கையில் தெளிவாகப் பட்டது. அதன் ரப்பர் கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த கரிசல் மண் கட்டியாக இருந்தது. விரலால் நெருடினால் பொடியாக உதிர்ந்தது. ரேக்கின் இடது முனையில் உள்ள ரப்பர் பூட்டிலும் ஒரு மடிப்பில் வெடிப்பு இருக்கிறது. அதை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மண் இல்லை, தண்டில் துருவும் இல்லை, கிரீஸ் மட்டும் வற்றியிருக்கிறது. வலது பக்க டை ராடில் எதுவும் தெரியவில்லை. ஆனால் வலது சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டினால் ஒரு சிறிய அசைவு இருக்கிறது. பிரேக்கை அழுத்தியதும் அது மறைந்துவிடுகிறது.

திருகைத் தடம் பார்த்துத் தளர்த்திவிட்டேன். ஸ்டீரிங் இப்போது இலேசாகிவிட்டது, வளைவிலிருந்து தானாகவும் திரும்புகிறது. டை ராட் எண்டைக் கழற்றும் முறையை மட்டும் விளக்க வேண்டும். நட்டைக் கழற்றிய பிறகு சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. மரை கெட்டுவிடுமோ என்று அஞ்சி நிறுத்திவிட்டேன்.

பதில்: பட்டறைவாசி

நிறுத்தியது நல்லது. நட்டு இல்லாத மரை முனையில் அடித்தால் அது காளான்போல விரிந்து, பிறகு எதுவும் ஏறாது. பழைய பாகத்தை எறியத்தான் போகிறோம் என்றாலும், விரிந்த முனை துளைக்குள் போகாமல் மாட்டிக்கொள்ளும்.

டை ராட் எண்டின் ஆணி, சக்கரத்து ஆர்மின் துளைக்குள் ஆப்புப்போல இறுகி நிற்கிறது. அதைத் தளர்த்த ஆணியைத் தள்ளுவதைவிடத் துளையை அதிரவைப்பதே பலன் தரும். நட்டை மறுபடியும் மாட்டி, முழுவதும் இறுக்காமல் முனையோடு சமமாக வரும் அளவுக்கு விடுங்கள். துளை உள்ள ஆர்மின் ஒரு பக்கத்தில் ஒரு கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். சில அடிகளில் ஆணி ‘டப்’ என்று கீழே இறங்கிவிடும். நட்டு இருப்பதால் டை ராட் விழுந்து காலில் படாது. புல்லர் கிடைத்தால் இன்னும் எளிது. மதுரை வெளி வீதிகளில் உள்ள கருவிக் கடைகளில் பால் ஜாயின்ட் புல்லர் என்று கேட்டால் தருவார்கள். நெருப்பு வைத்துச் சூடேற்றும் வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆர்மின் உறுதி போய்விடும்.

ஆனால் அதற்கும் முன்னால், எல்லாம் இறுக்கமாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டை ராடில் உள்ள பூட்டு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அது துருவேறியிருந்தால் முந்தைய நாள் இரவே மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகு பழைய எண்டின் ஆணி நடுவிலிருந்து பூட்டு நட்டின் முகம் வரை உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொண்டால் போதும் என்பார்கள். வேறு கம்பெனியின் பாகம் சற்று நீளமாகவோ குட்டையாகவோ இருக்கலாம் என்பதால் அந்த எண்ணிக்கை ஏமாற்றிவிடும். அளந்த நீளம் ஏமாற்றாது.

எண்ட் கழன்ற கையோடு ரேக் பூட்டையும் மாற்றிவிடுங்கள். அதற்காகப் பின்னால் தனியாகக் கழற்றினால் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், அலைன்மென்டும் (சக்கரங்கள் நிற்கும் கோண அளவும்) திரும்பப் பார்க்க வேண்டும். தண்டைச் சுத்தமான துணியால் துடைத்து, லித்தியம் கிரீஸ் தடவி, புதுப் பூட்டை மாட்டுங்கள். அதன் மடிப்புகள் முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்; முறுக்கிய பூட்டு சீக்கிரமே வெடித்துவிடும்.

புது எண்டைப் பொருத்தும்போது துளையையும் ஆணியையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். நட்டை இறுக்கும்போது ஆணியும் சேர்ந்து சுற்றினால், கீழிருந்து ஜாக்கியை மெதுவாக முட்டுக்கொடுத்து ஆணியைத் துளைக்குள் அழுத்திக்கொண்டு இறுக்கலாம். ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாதபடி செருகி மடக்கும் கம்பி) துளையும் நட்டின் வெட்டும் நேராக வராவிட்டால் நட்டைப் பின்னோக்கித் தளர்த்தாமல் முன்னோக்கி இறுக்கியே நேராக்க வேண்டும். பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடக்கூடாது. புதியது ஒன்று மிகச் சொற்ப விலைதான்.

வலது பக்க அசைவு வீல் பேரிங். அதை வீட்டில் தொட வேண்டாம். பேரிங்கை அடித்து இறக்குவதைவிட பிரஸ்ஸில் அழுத்தி இறக்குவதே சரி. அதற்குப் பட்டறைதான் வேண்டும்.

பதில்: எஃப்.சி. வரிசை (மதுரை)

கேள்வியில் எஃப்.சி. பற்றியும் வந்திருப்பதால் அதை மட்டும் சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி ஸ்டீரிங் பற்றியது. ஸ்டீரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது, இணைப்புகளில் உள்ள பால் ஜாயின்ட்டுகள் ரப்பர் மூடியால் காக்கப்பட்டிருக்க வேண்டும், போல்ட்டோ பின்னோ போட்ட இடங்களில் அவை கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆகவே கிழிந்த ரப்பரும் இல்லாத ஸ்ப்ளிட் பின்னும் வெறும் பராமரிப்புக் குறை மட்டுமல்ல. அவற்றைக் காரணம் காட்டியே வண்டியைத் திருப்பி அனுப்பலாம்.

ஆனால் 30 டிகிரி என்ற எல்லையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 380 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறக்குறைய 100 மி.மீ. ஆகும். எல்லா வகை ஸ்டீரிங்குகளையும் மனத்தில் கொண்டு வகுத்த எல்லை அது. ரேக் அண்ட் பினியன் உள்ள சிறிய வண்டியில் விளிம்பு அளவில் 30 மி.மீ.க்கு மேல் ஆட்டம் தெரிந்தாலே தேடத் தொடங்கிவிட வேண்டும். டாஷ்போர்டில் ஒரு ஸ்கேலை ஒட்டி, வளையத்தில் ஒரு நூலைக் கட்டி, சக்கரம் அசையத் தொடங்கும் இரு புள்ளிகளையும் குறித்தால் அளவு தெரிந்துவிடும்.

ஸ்டீரிங் வேலையை வீட்டில் செய்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பிரேக் பிடிக்காவிட்டால் கை பிரேக் இருக்கிறது, கியரைக் குறைக்கலாம். டை ராட் கழன்றுவிட்டால் ஓட்டுநர் கையில் எதுவும் மிச்சமில்லை. செய்வதென்றால் முடித்த பிறகு வேறொருவர் கண்ணால் ஒவ்வொரு நட்டையும் ஸ்ப்ளிட் பின்னையும் பார்க்கவைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

பதில்: கரிசல்காட்டான்

இடது டை ராட் எண்டையும் ரேக் பூட்டையும் மாற்றிவிட்டேன். இரண்டு சுத்தியல் முறையிலேயே ஆணி இறங்கியது. ஸ்ப்ளிட் பின்களையும் நட்டுகளையும் பக்கத்து வீட்டில் இருக்கும் லாரி ஓட்டுநர் அண்ணன் பார்த்துத் தந்தார். நூல் கட்டி அளந்ததில் ஆட்டம் இப்போது 15 மி.மீ. அளவில் இருக்கிறது, வேகத்தடை ஓசையும் இல்லை.

ஆனால் நேரான சாலையில் போகும்போது வளையத்தின் குறுக்குக் கட்டை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நான் அளந்து வைத்த நீளத்தையே வைத்தேன் என்பதால் காரணம் புரியவில்லை. வளையத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடலாமா? கல் பாவிய தெருவில் மெதுவாகப் போகும்போது ரேக்கிலிருந்து ஒரு மெல்லிய கடகடப்பும் கேட்கிறது. திருகைத் தளர்த்திய பிறகுதான் வந்தது.

பதில்: பட்டறைவாசி

வளையத்தைக் கழற்ற வேண்டாம். தேய்ந்த ஜாயின்ட்டோடு முன்பு யாரோ அலைன்மென்ட் பார்த்திருப்பார்கள்; அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் பழைய நீளம் வைக்கப்பட்டிருக்கும். இப்போது ஆட்டம் போய்விட்டதால் அந்த வித்தியாசம் வளையத்தில் தெரிகிறது. வளையத்தைத் தள்ளி மாட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் ரேக் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

அலைன்மென்ட் பார்க்கப் போகும்போது, முதலில் ஸ்டீரிங் வீலை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, அதன்பின் இரண்டு டை ராடுகளையும் திருத்தச் சொல்லுங்கள். சில இடங்களில் அவசரத்தில் ஒரு பக்க ராடை மட்டும் திருப்பி மொத்த அளவைச் சரியாக்கிவிடுவார்கள். அளவு சரியாக இருக்கும், வளையம் சாய்ந்தே இருக்கும். ராடைச் சுற்றுவதற்கு முன் ரேக் பூட்டின் வெளி கிளிப்பைத் தளர்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மாட்டிய புதுப் பூட்டு ராடோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

வலது பேரிங்கை மாற்றிய பிறகே அலைன்மென்டுக்குப் போக வேண்டும். ஆடும் சக்கரத்தில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. அதுவரை உள்ளூரில் மட்டும் ஓட்டுவதற்கு ஒரு தோராயச் சோதனை செய்துகொள்ளலாம். முன் டயர்களைத் தூக்கிச் சுழற்றி, நடுவில் ஓர் ஆணியால் சுற்றிலும் மெல்லிய கோடு கீறுங்கள். வண்டியைக் கீழே இறக்கி, சில அடி முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, அச்சின் உயரத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். முன்பக்க அளவு பெரிதாக இருந்தால் சக்கரங்கள் வெளிநோக்கி விரிந்திருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் வண்டி அலையும், டயரின் உள்விளிம்பும் தேயும்.

கடகடப்புக்கு மட்டும் அந்தத் திருகை இப்போது தொடலாம், ஏனென்றால் மற்ற இடங்களில் ஆட்டம் இல்லை என்று உறுதியாகிவிட்டது. சக்கரங்கள் நேராக இருக்கும்போது பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, நட்டைப் பூட்டுங்கள். இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டீரிங்கை இரு கோடிவரையும் விரல் நுனியால் திருப்பிப் பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, வளைவுக்குப் பின் தானாக நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். கடகடப்பு போகாவிட்டால் இன்னோர் எட்டில் ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் முதல் பட்டறைக்காரர் சொன்னதுபோல் ரேக் தேய்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது திருகை மீண்டும் தளர்த்திவிட்டு, அந்தக் கடகடப்போடு ஓட்டிக்கொண்டே நல்ல ரேக் ஒன்றுக்குச் சொல்லி வையுங்கள்.